வஸ் காலத்தில் வந்த தந்தி

வெலிஹேன,
காலி மாவட்டம், இலங்கை.
1976 ஜூலை 2

மதிப்புக்குரிய ஹெட்விக் அம்மையாருக்கு,

வெலிஹேன தபால் கந்தோரில் முப்பத்தொரு வருஷம் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற சிறில் விதானகே எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நானும் என் மனைவி மிசிலினும் வயதுக்கேற்ற வலிகளோடு நலமாகவே இருக்கிறோம். என் ஆங்கிலம் தபால் கந்தோர் ஆங்கிலம். ரசீது எழுதவும், பொதி கிழிந்து வந்தது என்று மேலிடத்துக்கு அறிவிக்கவும் போதுமானது. இந்தக் கடிதத்துக்குப் போதுமா தெரியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது வேறு எவ்வளவோ இருக்க, முதலில் இதைக் கேட்கிறேன் பாருங்கள்.

மே மாதம் நீங்கள் வெலிஹேன தபால் அதிபருக்கு எழுதிய குறிப்பு கிடைத்தது. உபசாந்த என்ற பெயரில் இந்த ஊரிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வருகிறது, பன்னிரண்டையும் பிரிக்காமலே திருப்பிவிட்டேன், இனி அந்த ஆளிடமிருந்து எனக்கென்று எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது அதிபராக இருப்பவள் சுமனலதா என்ற பெண். அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "சேர், இதுக்கு என்ன பதில் போடுறது? ஒருத்தர் கடிதம் கொண்டுவந்து தந்தா வாங்காதே எண்டு எந்தப் புத்தகத்திலயும் இல்லையே" என்றாள். பிறகு கதவடியில் நின்று, "எங்கட வெள்ளை ஹாமுதுரு அந்தப் பொம்பிளைக்கு அப்பிடி என்னதான் செய்தவர்?" என்று கேட்டாள். ஹாமுதுரு என்றால் பிக்கு. உங்கள் மாமாவுக்கு இந்த ஊர் வைத்த பெயர் அது.

அம்மையாரே, உங்கள் மாமா ஒன்றும் செய்யவில்லை. 1964 செப்டம்பரில் கொழும்பு ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மா படுத்திருந்தபோது நீங்கள் அனுப்பிய தந்தி இரண்டும் அவர் கைக்குப் போகவே இல்லை. 'மழைக்கால வாசத்தில் இருக்கிறேன், வர இயலாது, ஆசிகள், உபசாந்த' என்று உங்களுக்கு வந்த பதிலை அனுப்பியவரும் அவர் இல்லை. நான்தான் அனுப்பினேன்.

எழுதிவிட்டேன். பேனாவை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் இந்த வரியைத் தொடங்குகிறேன். இனி எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும்.

உங்கள் மாமாவை எனக்கு இருபத்துமூன்று வருஷமாகத் தெரியும். வந்தபோது அவர் பிக்கு இல்லை, பேராசிரியர் லியோபோல்ட். அரைக்காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, தோளில் ஒரு தோல்பை. எங்கள் விகாரையில் பூட்டிக் கிடந்த ஓலைச்சுவடிகளை உங்கள் ஊர்ப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆறு மாத விடுப்பில் வந்தார். கந்தோருக்குப் பின்னாலிருந்த அறையை நான்தான் கொடுத்தேன். சிங்களம் பேசுவார். ஆனால் அது புத்தகத்துச் சிங்களம், அதுவும் அறுநூறு வருஷத்துக்கு முந்திய புத்தகம். மீன்காரியிடம் அவர் விலை கேட்டால் கல்வெட்டு வாய் திறந்த மாதிரி இருக்கும். அவள் கூடையை இறக்கி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் விலை சொல்வாள்.

அந்த நாளிலேயே உங்கள் அம்மாவின் கையெழுத்து எனக்குப் பழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு இரண்டு நீலக் கடிதம் வரும். ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார். ஒட்டிலீ என்று பெயரைச் சொல்லும்போது பேராசிரியருக்கு முகம் மாறும். பெற்றோர் போன பிறகு தனக்கு இருக்கிற ஒரே ஆள் தன் தங்கை என்றும், அவளுக்கு ஒரு சின்ன மகள் இருக்கிறாள் என்றும், அந்த மகள் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவாள் என்றும் சொல்வார். அப்படித்தான் உங்களை எனக்கு முதலில் தெரியும்.

அடுத்த வருஷம் என் மகள் குசுமா காய்ச்சலில் போனாள். பத்தொன்பது வயது. எங்கள் விகாரையில் அப்போது பிக்கு இல்லை. விகாரைக் காணியைப் பற்றி இரண்டு குடும்பங்களுக்குள் வழக்கு, அதனால் எவரும் வந்து தங்க மாட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து பிக்குகளை அழைத்து வந்தோம். வழக்கப்படி நானும் மிசிலினும் கெண்டியைப் பிடித்துக் கோப்பையில் நீர் வார்க்க, அது நிரம்பி வழிய, அவர்கள் ஓதினார்கள். பேராசிரியர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நீர் வார்க்கும்போது ஓதுகிற அந்த நாலு வரியைப் பதிப்பித்துப் பதினோரு அடிக்குறிப்பு எழுதியவர் அவர். மறுநாள் என்னிடம் வந்து, "அவ்வரிகளை நான் முப்பது ஆண்டுகளாக அறிவேன், விதானகே மாத்தயா. நேற்றே முதன்முறையாகக் கேட்டேன்" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் வந்து என்ன பேச்சு இது என்றுகூட நினைத்தேன்.

விடுப்பு முடிந்தது, அவர் போகவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய ராஜினாமாக் கடிதத்தில் நான்தான் முத்திரை குத்தினேன். உங்கள் அம்மாவுக்கு எழுதியதும் அதே பையில் போனது. பதில் வர இரண்டு மாதம் ஆனது. 'லியோ, பைத்தியமே, மொட்டைத் தலைக்குக் கம்பளித் தொப்பி பின்னி அனுப்பவா?' என்று உங்கள் அம்மா கேட்டிருந்தாராம். அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். பிறகு அறைக்குள் போனவர் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

நாட்டின் உட்பகுதியில் ஒரு காட்டு ஆசிரமத்தில் பிக்குவாகி, 1960இல் உபசாந்த என்ற பெயரோடு எங்கள் ஊருக்கே திரும்பி வந்தார். விகாரைக்கு மேலே பாறையை ஒட்டியிருக்கும் குடிசையில் தங்கினார். அங்கேயும் அதே ஓலைச்சுவடிதான், அதே மொழிபெயர்ப்பு வேலைதான். காலையில் பாத்திரத்தோடு ஊருக்குள் வருவார். பலாக்காய்க் கறியையும் புளி மீனையும் பயற்றங்கஞ்சியையும் ஒன்றாகக் கலந்து சாப்பிடுவார் என்று கேள்விப்பட்டு எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வருத்தம்.

இனி நான் சொல்லப்போவதை விளங்கிக்கொள்ள எங்கள் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். ஜூலையில் வரும் எசல பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மூன்று மாத மழைக்காலம் பிக்கு ஓரிடத்திலேயே தங்க வேண்டும். அதை வஸ் என்கிறோம். தங்கச் சொல்லி ஊர் முறைப்படி அழைக்க வேண்டும். வஸ் முடிந்ததும் ஒரே நாளுக்குள் துணி வெட்டித் தைத்துச் சாயம் தோய்த்துக் காயவைத்து அவருக்கு உடுத்த ஒரு சீவரம் கொடுப்போம். அதுதான் கடின பூசை. அதன் புண்ணியம் மலை போன்றது, எதுவும் அதை அசைக்காது என்பது எங்கள் நம்பிக்கை. வஸ் இருந்த பிக்கு இல்லாவிட்டால் பூசை இல்லை. நடுவில் எழுந்து போனால் வஸ் உடைந்தது, பூசையும் போனது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எங்கள் ஊரில் பத்தொன்பது வருஷமாகக் கடின பூசை நடக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் கல்யாணவீட்டில் வைத்தே சொல்லிக் காட்டுவார்கள்: "வெலிஹேனக்காரருக்குச் சீவரம் தைக்கத் தெரியாது, வழக்குப் போடத்தான் தெரியும்." உங்கள் மாமாவும் ஒவ்வொரு வஸ் காலத்துக்கும் தன் குருவிடம் போய்விடுவார். 1964இல்தான், குரு காலமான பிறகு, இங்கேயே இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஊரே கால் தரையில் படாமல் நடந்தது. விகாரைக் காரியம் பார்க்கும் சபை கூடி, சீவரம் கொடுக்கும் முதல் உரிமையை எனக்குத் தந்தது. மிசிலின் அன்றைக்கே குசுமாவின் படத்துக்கு முன்னால் போய், "பிள்ளை, உனக்குத்தான்" என்றாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. எங்கள் கந்தோருக்குத் தந்தி தொலைபேசியில்தான் வரும். காலியிலிருந்து ஒரு பெண் வாசிக்க, நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். 'அம்மா கொழும்பில் மிக மோசமான நிலையில். உங்களைக் கூப்பிடுகிறார். உடனே வாருங்கள். ஹெட்விக்.' நீங்கள் இருவரும் கப்பலில் வந்துகொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது. திடீரென்று வந்து நிற்க வேண்டும் என்று உங்கள் அம்மா சொல்லாமல் புறப்பட்டது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தந்தியை உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடிசைக்குப் போகத்தான் கிளம்பினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

வழியில் ரத்னபால முதலாளியின் கடை. அவர்தான் சபைத் தலைவர். கடின பூசைக்குப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன், எங்கட ஹாமுதுருவுக்கு வீட்டில இருந்து ஆள் வந்தா என்ன செய்வார்?" என்று கேட்டேன். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வெள்ளைக்காரன் போனாப் போனதுதான். சொந்தக்காரர் கையைப் பிடிச்சு இழுத்தா சீவரம் தானாக் கழண்டு விழும். ஏன் விதானகே, விடிய எழும்பி இப்பிடி அபசகுனமாக் கேக்கிறீர்?" நான் சிரித்துச் சமாளித்தேன். அங்கிருந்து குடிசைக்குப் போகவில்லை, கந்தோருக்குத் திரும்பினேன்.

நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் என் வாசலில் பாத்திரத்தோடு நின்றார். மிசிலின் சோறு போட்டாள். தந்தி என் சட்டைப்பையில் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. வெளிநாட்டார் சின்னச் சுகவீனத்துக்கும் தந்தி அடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை உங்கள் இரண்டாவது தந்தி வந்தது. 'பதில் அனுப்புங்கள். நேரமில்லை.' பதில் இல்லையென்றால் நீங்களே காரைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அந்தப் பதிலை எழுதிக் காலிக்கு வாசித்தேன். அந்தப் பக்கத்துப் பெண், "ஹாமுதுரு கையெழுத்துப் போட்டுத் தந்தவரா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். ஓம் என்றேன்.

இதையெல்லாம் மிசிலினுக்காகத்தான் செய்தேன். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, செத்துப்போன பிள்ளைக்கு அந்தப் புண்ணியம் போய்ச் சேர வேண்டும் என்பது. மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் மனதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 4

மேலே எழுதியதை நேற்று மிசிலினுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வந்ததும் கை காட்டி நிறுத்தினாள். "என்ட பேரையும் பிள்ளைட பேரையும் இதுக்குள்ள இழுக்க வேணாம். நான் உங்களைத் தந்தியை ஒளிச்சு வைக்கச் சொன்னேனா? பூசை நோட்டீசில 'தபால் அதிபர் சிறில் விதானகே' எண்டு கொட்டை எழுத்தில முதலாவதாப் போடச் சொல்லி அச்சுக்கூடத்துக்கு மூண்டு தரம் நடந்தது ஆரு? நானா?" என்றாள். அந்தப் பத்தியைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்கும் விடவில்லை. "இருக்கட்டும். நீங்க எப்பிடிப்பட்ட ஆள் எண்டு அந்த வெளிநாட்டுப் பிள்ளை பார்க்கட்டும்" என்றாள். ஆகவே அது அப்படியே இருக்கிறது. உண்மை மிசிலின் சொன்னதுதான். பத்தொன்பது வருஷம் கழித்து ஊருக்குக் கடின பூசை நடத்தியவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

அவளுக்கே இது சுமனலதா வந்து போன அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் சொல்லவில்லை. சொன்னதும் அழவில்லை, கத்தவில்லை. "ஒவ்வொரு பிரித் ஓதலிலயும் அந்தப் புண்ணியத்தைத்தானே பிள்ளைக்கு அனுப்பிக்கொண்டு இருக்கிறேன். இன்னொரு வீட்டில களவெடுத்த சாமானையா இவ்வளவு நாளும் அனுப்பினேன்?" என்று கேட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே நான் இருக்க வேண்டிய இடம் தெரிந்தது. நாலாம் நாள் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்து, "போஸ்ட் மாத்தயா, எழுதுங்க" என்றாள். எழுதத் துணிய எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. மிசிலினின் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை.

மிச்சத்தைச் சொல்கிறேன். கடின பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. உங்கள் அம்மாவைக் கொழும்பிலேயே அடக்கம் செய்துவிட்டுத் தனியாகக் கப்பலேறி, ஏடனில் தபாலிட்டிருந்தீர்கள். உறையில் ஏடன் முத்திரையைப் பார்த்ததுமே உங்கள் அம்மா இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதையும் ஒளித்திருக்கலாம். முடியவில்லை. கொண்டுபோய்க் குடிசை வாசலில் அவர் கையில் கொடுத்துவிட்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றேன்.

வாசித்தார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு ஒரு இடத்தை எனக்குச் சிங்களத்தில் சொன்னார். நீங்கள் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா 'இது லியோ இல்லை, இது லியோ இல்லை' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், தான் அறிந்த அண்ணன் செத்துப்போய்விட்டார் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சொல்லிவிட்டு உங்கள் மாமா என்னைப் பார்த்தார். "விதானகே மாத்தயா, தந்தி எண்டு ஒண்டு வந்ததா?" என்று கேட்டார்.

நான் அவர் காலடியில் விழுந்தேன். "இரண்டு வந்தது, ஹாமுதுருவே" என்றேன். பதில் அனுப்பியதையும் சொன்னேன்.

அவர் பாறையில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும். "ஒட்டிலீ கண்டுபிடிச்சிட்டா" என்றார். "என்ட கையெழுத்து இல்லாமலே கண்டுபிடிச்சிட்டா. சின்ன வயசிலயும் அவளை ஏமாத்த ஏலாது." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பிக்குகள் அழக் கூடாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதுவும் எங்களுக்குத் தெரியாத விஷயங்களில் ஒன்று.

பிறகு, பாடம் சொல்கிற மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வஸ் காலத்தில ஏழு நாள் வெளியில போய் வரலாம், மாத்தயா. ஏழாம் நாளுக்குள்ள திரும்பினா வஸ் உடையாது. தாய் தகப்பன் நோயில கிடந்தா, கூப்பிடாமலே போகலாம். சகோதரி எண்டா, கூப்பிட்டு ஆள் அனுப்ப வேணும்." கையிலிருந்த கடிதத்தை மடித்துக்கொண்டே, "கூப்பிட்டிருக்கிறா" என்றார்.

அம்மையாரே, இதைத்தான் நான் இன்றுவரை சுமக்கிறேன். கொழும்புக்குப் போய், உங்கள் அம்மாவின் பக்கத்தில் நாலு நாள் உட்கார்ந்திருந்து, அவர் திரும்பி வந்திருக்கலாம். எங்கள் கடின பூசையும் நடந்திருக்கும், நோட்டீசில் என் பெயரும் வந்திருக்கும். எல்லோருக்கும் எல்லாம் கிடைத்திருக்கும். ரத்னபால முதலாளியிடம் கேட்ட கேள்வியை இரண்டு நிமிஷம் மேலே நடந்து அவரிடமே கேட்டிருந்தால் போதும். பிறந்தது முதல் வஸ் என்றும் கடினம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிற எங்கள் ஊரில் ஒருவருக்கும் அந்த விதி தெரிந்திருக்கவில்லை. எங்கிருந்தோ வந்து படித்த அவருக்குத் தெரிந்திருந்தது.

பூசையை நிறுத்திவிடலாம், ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "ஊர் என்ன செய்தது? அவங்க நல்ல மனசோடதான் துணி வெட்டப் போறாங்க. நடக்கட்டும்" என்றார். நடந்தது. விடியற்காலையில் துணி வெட்டினார்கள். மிசிலின் விரலில் ஊசி ஏறியும் எழும்பாமல் தைத்தாள். மாலையில் சீவரத்தைத் தலையில் வைத்து நான்தான் ஊர்வலத்தின் முன்னால் நடந்தேன். இரண்டு பக்கமும் சாது சாது என்று சத்தம். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது, பாற்சோற்றை மட்டும் நான் தொடவில்லை. அவர் அந்தச் சீவரத்தை வாங்கிக்கொண்டு எங்களுக்குப் புண்ணியம் சொல்லி ஓதினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த வாரம் கொழும்புக்கு நடந்தே போனார். நானும் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்தேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆறு நாள். கல்லறையில் அவர் இருந்த பொழுதெல்லாம் நான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் போவார், புல்லைப் பிடுங்கிப் பெருக்குவார். உங்கள் அம்மாவின் கல் சுத்தமாக இருக்கிறது. அதைச் சுற்றி எவரோ ஒருவர் நட்ட வெள்ளைப் பூச்செடி நன்றாக வந்திருக்கிறது.

அந்த வருஷமே உங்களுக்கு எழுதத் தொடங்கினார். முதல் கடிதத்தை என்னிடம் கொடுத்தபோது, நானும் எழுதட்டுமா என்று கேட்டேன். "எப்ப எழுத வேணும் எண்டு உங்களுக்கே தெரியும்" என்றார். எழுது என்றுதான் சொன்னார். எழுதாமல் இருக்கலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேலை போய்விடும், ஊரில் தலை காட்ட முடியாது, மிசிலினுக்குத் தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம் என்றேன், ஓய்வு பெற்றும் மூன்று வருஷம் போனது. அவர் கடிதங்களில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பொய் இருக்காது. என் பெயரும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு கடிதமும் நாலைந்து மாதத்தில் திரும்பி வரும். அதில் ஒன்பதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சுகமா இருங்க, மாத்தயா" என்பார். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். அவற்றை மொழிபெயர்ப்புத் தாள்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறார். ஒருமுறை பெட்டி திறந்திருந்தபோது பார்த்தேன், தேதி வரிசையில் அடுக்கிக் கட்டியிருந்தார்.

அவருக்கு இப்போது எழுபது வயது. மே மாதத்து வெசாக் பண்டிகைக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. காலி டாக்டர் இதயம் பெரிதாகிவிட்டது என்று சொன்னார், நாள் கணக்குச் சொல்லவில்லை, சொல்லாத விதத்திலேயே எங்களுக்கு விளங்கியது. பாறைக் குடிசையிலிருந்து கீழே விகாரைக்கு இறக்கிவிட்டோம். மொழிபெயர்ப்பு வேலை மார்ச்சில் முடிந்தது. முடிந்துவிட்டதே, சந்தோஷம்தானே என்று மிசிலின் கேட்டதற்கு, "இனி என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல" என்று சிரித்தார். வருகிற எசல பௌர்ணமிக்கு வஸ் இருக்கச் சொல்லி மறுபடியும் அழைத்திருக்கிறோம். சரி என்றார். உங்கள் மே மாதக் குறிப்பை நாங்கள் அவருக்குக் காட்டவில்லை. இந்த வருஷத்துக் கடிதத்தை எழுதத் தொடங்கியிருக்கிறார். கை நடுங்குவதால் ஒரு நாளைக்கு இரண்டு வரிதான் போகிறது.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கொழும்பில் அந்த ஆஸ்பத்திரியில், இருபத்துமூன்று வயதில், எவரையும் தெரியாத ஊரில் நீங்கள் எத்தனை நாள் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று நான் இப்போதுதான் நாள் கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் தந்தியிலிருந்து உங்கள் அம்மா கண்மூடும்வரை பன்னிரண்டு நாள். அதற்கு மன்னிப்பு எந்த மொழியில் கேட்பது என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீங்கள் தபால் திணைக்களத்துக்கு அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்காகத்தான் முழுப் பெயரும் போட்டிருக்கிறேன். ஓய்வூதியத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று மிசிலினும் சொல்லிவிட்டாள்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்களிடம் எதையும் கேட்க அவர் மாட்டார். அதனால் நான் கேட்கிறேன். அவருக்கு ஒரு வரி எழுதுங்கள், மகளே. பெரிதாக ஒன்றும் வேண்டாம். உங்கள் ஊரில் மழையா வெயிலா என்று எழுதினாலும் போதும். திட்ட வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், விலாசம் மேலே இருக்கிறது. அவருக்கு எழுதுவதானால் பெயரும் வெலிஹேன என்ற ஊரும் போதும். கந்தோரில் இப்போது சுமனலதா இருக்கிறாள். வந்த கடிதத்தை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

மும்மணிகளின் காவல் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் எப்போதும் இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஹெட்டியாராச்சிகே டொன் சிறில் விதானகே
தபால் அதிபர் (ஓய்வு), வெலிஹேன